சான்றின் பிறப்பிடம்





இம்மாநாட்டின் பொருள் பயங்கரவாத ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் வளர்ச்சி. 1977இல் தோன்றிய 'டெரரிசம்' 1992இல் 'கான்ஃப்ளிக்ட்' என்னும் பத்திரிகையோடு இணைந்து புது நாமம் பூண்டதும், இடையே 1989இல் டேவிட் ராப்போபோர்ட்டும் பால் வில்கின்சனும் 'டெரரிசம் அண்டு பொலிட்டிகல் வயலன்ஸ்' என்பதைத் தொடங்கியதும், 2008இல் இத்துறையின் அடிப்படைகளையே வினவும் விமரிசனப் பத்திரிகை எழுந்ததும் தாங்கள் அறிந்தவையே. இவற்றில் வருவன பெரும்பாலும் பிறர் எழுதியதைத் திரும்ப எழுதுவனவே என்று 2001இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ சில்க் குறை கூறினார். பின்னர் பார்ட் சூர்மான், 2007 முதல் 2016 வரை ஒன்பது பத்திரிகைகளில் வந்த 3,442 கட்டுரைகளைப் பரிசீலித்து, முதற்சான்றுகளைக் கையாளும் வழக்கம் வெகுவாகப் பெருகியிருப்பதாக ஆறுதல் அளித்தார்.

அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. உரைகல்லில் தேய்த்துப் பாராமல் எடை மட்டும் போடும் தட்டானை நாம் நம்புவோமா?

இதற்கோர் எடுத்துக்காட்டு: ராப்போபோர்ட் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையிட்டதாகச் சொல்லப்படும் இந்தியத் தக்கர், இடைக்கால முஸ்லிம் அசாசின்கள், பண்டைய யூத ஸீலட்டுகள் ஆகிய மூவகையினரையும் ஒருங்கே நிறுத்தி, சமயப் பயங்கரவாதத்துக்கு ஒரு புராதன வமிசாவளி வகுத்தது. அதன் பேரறிவை வணங்குகிறேன். ஆயினும் தக்கரைக் காளிக்காகக் கொலை புரிந்த கூட்டத்தினராகக் காட்டும் சித்திரத்துக்கு மூலம், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஸ்லீமன் 1836இல் கல்கத்தாவில் வெளியிட்ட 'ராமஸீயானா'வும் அவர் தொகுத்த அப்ரூவர் வாக்குமூலங்களுமே அல்லவா? குறிப்பிட்ட கொலை எதுவும் நிரூபணமாகாவிடினும் தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று தெளிந்தாலே ஆயுள் சிறை விதித்த சட்டம் அதே ஆண்டில் பிறந்திருக்க, தூக்குக்கயிற்றினின்று தப்பும்பொருட்டுக் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவன், விசாரித்த அதிகாரி கேட்ட வினாக்களுக்கு அளித்த விடைகள் அவை. முதற்சான்று என்னும் இலக்கணம் அவற்றுக்கு முற்றும் பொருந்தும். நம்பத்தக்கவை என்பது வேறு விஷயம்.

தக்கரை அக்காலத்து அரசியல் குலைவோடும் உள்ளூர்த் தலைவர்களின் ஆதரவோடும் இணைத்து, ஹீராலால் குப்தா 1959இலும், ஸ்டூவர்ட் கார்டன் 1969இலும், கிம் வாக்னர் 2007இலும் எழுதியவை சரித்திரக்காரரின் அலமாரியிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டன. முன்னொரு மாநாட்டில் நான் இதனை எடுத்துரைத்தபோது, பெருமதிப்புக்குரிய நண்பர் ஒருவர், இத்தகைய நுணுக்கங்களால் இன்றைய கொள்கை வகுப்போருக்கு யாது பயன் என்று புன்னகையோடு வினவினார். அவர் புலமைக்குத் தலைவணங்கியே விடை கூறுகிறேன்: காவலில் பதிவான ஒப்புதலும், அரசுத் தரப்பின் குற்றப்பத்திரிகையும், உளவுத்துறை கசியவிட்ட அறிக்கையும் இன்றும் நம் கட்டுரைகளில் சான்றாக அமர்கின்றன; ஸ்லீமனின் ஏட்டை ஐயுறக் கல்லாதவர் இவற்றை எவ்வாறு ஐயுறுவார்?

ஆகவே இங்கே குழுமியுள்ள பத்திராதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். சான்றைத் திரட்டியவர் யார், எந்த நோக்கத்தோடு, எத்தகைய நிர்ப்பந்தத்தின்கீழ் அது சொல்லப்பட்டது என்னும் குறிப்பு இல்லாத கட்டுரையை, அதை எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும், அச்சுக்கு அனுப்பாதீர்கள்.