சிற்றூர்ப் பாடசாலையும் நமது கடனும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் பரீட்சை முடிவுகள் வெளியானதும் நம் பட்டினத்துப் பாடசாலைகளைப் புகழ்ந்து பேசுகின்றோம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பாடசாலைகளைப் பற்றியோ, "அங்கே பிள்ளைகளும் இல்லை, படிப்பும் இல்லை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்து விடுகின்றோம். அத்தீர்ப்பு நீதியானதா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் கிராமப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளும், அவற்றிற் சேரப் புலமைப்பரிசிலும் கிடைத்தன. மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் அதன் விளைவொன்றை நாம் கவனிப்பதில்லை. 5ஆம் தரப் பரீட்சையில் திறமையாகச் சித்தியடைந்த பிள்ளை, 6ஆம் தரத்திற்குப் பெரிய பாடசாலைக்குப் போய்விடுகின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் பின்தொடர்கின்றன. பின்னர் க.பொ.த. சாதாரண தர முடிவு வரும்போது, அப்பிள்ளையின் பெருமை பட்டினத்துக் கணக்கிற் சேர்கின்றது. அரிச்சுவடி கற்பித்த பாடசாலைக்கோ எஞ்சியவர்களின் கணக்கு மட்டுமே. அதைக் கண்டு மேலும் சில பெற்றோர் பிள்ளைகளை விலக்குகின்றனர். தன் வெற்றியினாலேயே தேய்கின்ற பாடசாலையைத் தோல்வியுற்றது என்று சொல்வது தகுமா?

வீதக் கணக்கும் நம்மை ஏமாற்றும். 10 பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு பிள்ளை தவறினால் நூற்றுக்குப் பத்துக் குறையும். 200 பேர் தோற்றினால் அரைவீதமே குறையும். இலங்கையில் 50 பிள்ளைகளுக்குக் குறைந்த அரசாங்கப் பாடசாலைகள் 1000க்கு மேல் உள்ளன என்பதை நினைவிற் கொள்வோமாக.

எதிர்க்கரையிலுள்ள சம்பூரைப் பாருங்கள். 2006இல் போரினால் அவ்வூரார் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்தனர். காணிகள் விடுவிக்கப்பட்டது 2015இலும் 2016இலுமே. 2006இல் 1ஆம் தரத்திலிருந்த பிள்ளை 2016இல் 11ஆம் தரத்துக்குரிய பிள்ளை. பள்ளிப் பருவம் முழுவதையும் சொந்த ஊரின்றிக் கழித்தவரின் பெறுபேற்றை நம் பெறுபேற்றோடு எந்தத் தராசில் நிறுப்பது?

நாம் குற்றமற்றவர்களல்லர். நாமும் ஊர்ப் பாடசாலையை விட்டு, மிஷனரிமார் தொடங்கிய பட்டினத்துப் பாடசாலைக்கு வந்தவர்களே. அங்கே ஆங்கிலமும் ஒழுங்கும் கற்றோம். அதற்கு என்றும் நன்றியுடையோம். ஆனால் நம் கை பிடித்து முதலெழுத்தை எழுதுவித்த ஆசிரியரை ஒரு நாளாவது திரும்பிப் போய்ப் பார்த்தோமில்லை. சர்வகலாசாலைக்குத் தெரிவான செய்தியையும் அவர் பிறர் வாயிலாகவே அறிந்தார்.

ஆகவே இளைஞர்களே, சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒரு சிற்றூர்ப் பாடசாலையிற் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்க முன்வருவோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் வழி எளிதாயிற்று. பிள்ளைகள் இங்கே வருவதற்கு உதவும் பாலம், நாம் அங்கே போவதற்கும் உதவட்டும். பெரியோர்களே, பிள்ளையை விலக்குமுன் அதிபரை ஒருமுறை கண்டு, அங்கே எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கேளுங்கள். அந்தக் குறையைச் சங்கத்துக்கு அறிவியுங்கள். கடன் பட்டவர்கள் நாம். கடனைத் தீர்ப்பதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.