கொழுப்புக்கு ஒரு பெயர்



தமிழில் எண்ணெய் என்னும் சொல் எள்ளும் நெய்யும் சேர்ந்து பிறந்தது. எள்ளின் நெய்யே எண்ணெய். காலப்போக்கில் அச்சொல் தன் பிறப்பை மறந்துவிட்டது. ஆகவே தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றின் பிறப்பிடத்தையும் மீண்டும் முன்னே ஒட்டிச் சொல்லலானோம். எதிலிருந்து வந்தது என்பதை ஒரு பொருளின் பெயர் இழந்துவிடுமானால், அதனை எப்படியேனும் திரும்பச் சேர்த்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் விலங்குக் கொழுப்புக்குச் சுங்க இலாகா பெயரிடும் முறையும் இத்தகையதே.

“கொழுப்பு என்றால் கொழுப்புத்தானே! உரிய வரியை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமே!” என்று சிலர் கேட்கக்கூடும். உருக்கி வடித்துப் பீப்பாயில் அடைத்த பின்னர் மாட்டின் கொழுப்பும் ஆட்டின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். அதனாலேயே பெயர் முக்கியமாகிறது. கண் கைவிட்ட இடத்தில் காகிதம் உண்மை பேசவேண்டும்.

அதற்கான உலகப் பொது அட்டவணை ஒன்று 1983-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவான உடன்படிக்கையில் வகுக்கப்பட்டு, 1988 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வாணிபத்துக்கு உரிய ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஆறு இலக்க எண் உண்டு. கொழுப்புகளுக்கும் எண்ணெய்களுக்கும் உரியது பதினைந்தாம் அத்தியாயம். 1501 என்ற தலைப்பில் பன்றிக் கொழுப்பும் கோழி முதலிய பறவைகளின் கொழுப்பும் அடங்கும். 1502 மாட்டினம், செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் கொழுப்பு. 1504 மீன், திமிங்கிலம் முதலிய கடல்வாழ் உயிர்களின் கொழுப்பும் எண்ணெயும். 1505 ஆட்டு மயிரிலிருந்து பெறும் பிசுக்கும், அதனைத் தூய்மை செய்து எடுக்கும் லானோலினும். குதிரைக் கொழுப்பு, முட்டை மஞ்சட்கருவின் எண்ணெய் போன்ற எஞ்சியவை 1506-இல் இடம்பெறும். நம் வீட்டு நெய்யோ இந்த அத்தியாயத்திலேயே இல்லை. பாலிலிருந்து வந்தமையால் அது நான்காம் அத்தியாயத்தில் வெண்ணெயோடு அமர்ந்திருக்கிறது.

இவ்வகுப்பு முறையைக் கூர்ந்து பார்த்தால் மூன்று கேள்விகள் தென்படும். முதலாவது, எந்த விலங்கு? இரண்டாவது, உருக்கியதா, உருக்காததா? பன்றியின் உருக்காத கொழுப்பு இறைச்சிக்குரிய இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்விடும். மாட்டின் கொழுப்போ உருக்கினாலும் உருக்காவிட்டாலும் 1502-இலேயே நிற்கும். மூன்றாவது, அதன்பின் அதற்கு என்ன செய்தார்கள்? அழுத்திப் பிழிந்து கெட்டிப் பகுதியையும் நீர்மப் பகுதியையும் பிரித்தால் 1503. ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கினால் 1516. உண்பதற்கென வேறு கொழுப்புகளோடு கலந்தால் 1517. சோப்பாகவே மாறிவிட்டால் முப்பத்து நான்காம் அத்தியாயம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த அட்டவணையில் ஒன்று வியப்பளிக்கிறது. உலகத்தார் மாட்டுக் கொழுப்பையும் ஆட்டுக் கொழுப்பையும் ஒரே தலைப்பில் வைத்தார்கள். சோப்புக் காய்ச்சுவோருக்கு இரண்டும் ஒன்றே. நம் நாட்டு மனச்சாட்சிக்கு அவை ஒன்றல்ல. உலக எண்ணின் ஆறு இலக்கங்களுக்குப் பின் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்தி, இந்தியா தன் அட்டவணையில் உருக்கிய ஆட்டுக் கொழுப்புக்கென்று தனி வரி ஒன்றை ஒதுக்கியிருக்கிறது. உலகப் பொதுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, நமக்குரிய வேறுபாட்டையும் விடாமல் காத்தல் நல்ல மொழிபெயர்ப்பின் இலக்கணமன்றோ?

பெயரைப் பொருட்படுத்தாமையின் விலையை நம் வரலாறு அறியும். 1857-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாக்களில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகச் சிப்பாய்கள் நம்பினார்கள். அக்கொழுப்பு எவ்விலங்கினுடையது என்பதை உறுதிசெய்யப் போதிய எச்சரிக்கை எடுக்கவில்லை என்பது கம்பெனி அதிகாரிகளாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் பெயர் தெரியாத ஒரு கொழுப்பு அதற்குப் பொறியாயிற்று.

பிரஸ்ஸல்ஸில் உடன்படிக்கை உருவான அதே 1983-இல் நம் நாட்டில் வேறொரு புயல் வீசியது. சோப்புத் தொழிலுக்கென வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டது என்ற செய்தி பரவி, நாடே கொதித்தது. பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. மாட்டுக் கொழுப்பின் இறக்குமதியும் தடை செய்யப்பட்டது. சோப்புக்கு வந்த சரக்கு அடுப்பங்கரைக்குப் போனதெனில், குற்றம் கொழுப்பினுடையதன்று. துறைமுகத்தில் பெற்ற பெயர் வழியில் எங்கோ கழன்று விழுந்தது என்பதே கொடுமை.

கழன்ற பெயரை மீட்டெடுக்க வழி உண்டா? உண்டு, அங்கேதான் விஞ்ஞானம் துணைக்கு வருகிறது. விலங்குக் கொழுப்பில் கொலஸ்டிரால் இருக்கும். தாவர எண்ணெயில் பெரும்பாலும் வேறுவகை ஸ்டிரால்களே இருக்கும். ஆகவே தாவர எண்ணெய் எனப்படுவதில் விலங்குக் கொழுப்புச் சேர்ந்திருப்பதை அறியலாம். எவ்விலங்கு என்று அறிய இன்னும் நுட்பம் வேண்டும். கொழுப்பு என்பது கிளிசராலில் மூன்று கொழுப்பமிலங்கள் கோத்த அமைப்பு. பன்றியின் உடல் பால்மிடிக் அமிலத்தைப் பெரும்பாலும் நடுவிடத்தில் கோக்கிறது; மாட்டின் உடல் அதனைப் பெரிதும் ஓரங்களில் வைக்கிறது. ஓரங்களை மட்டும் வெட்டும் நொதி ஒன்றைக் கொண்டு நடுவில் நிற்பது எது என்று காண்கிறார்கள். உருக்கினாலும் வடித்தாலும் பிறப்பின் அடையாளம் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது!

இத்தகைய ஆராய்ச்சிக்கு எங்கள் மைசூர் நகரம் பேர்பெற்றது. 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் மத்திய உணவு ஆய்வுக்கூடங்களுள் ஒன்றாகவும் பணியாற்றியது. கலப்பட வழக்குகளில் ஐயம் எழுந்தால், மாதிரிகள் இத்தகைய கூடங்களின் முடிவுக்கு வந்து சேரும். துறைமுகச் சரக்குக்குச் சுங்க இலாகாவின் சொந்த ஆய்வுக்கூடங்கள் உள்ளன.

ஆனால் ஆய்வு என்பது வழக்கு வந்தபின் நடப்பது. முன்கூட்டியே அடையாளம் இடுவதே சிறந்தது. நம் நாட்டுச் சட்டம் அதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. வனஸ்பதி செய்வோர் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று விதித்தார்கள். நல்லெண்ணெய் குறிப்பிட்ட அமிலச் சோதனையில் சிவப்பு நிறம் காட்டும். நெய்யில் வனஸ்பதியைக் கலந்தவனை அந்நிறமே காட்டிக்கொடுக்கும். வனஸ்பதியிலேயே மாட்டுக் கொழுப்பு கலந்தபோது அவ்வாறு காட்டிக்கொடுக்க உள்ளே யாரும் இல்லை. கணக்குப் புத்தகமும் இறக்குமதிப் பத்திரமும் ஆய்வுக்கூடமும் மட்டுமே சாட்சிகள்.

ஆகவே, சுங்க அட்டவணையை வரி வாங்கும் கருவி என்று மட்டும் எண்ணுதல் பொருந்தாது. உண்பவனின் நம்பிக்கையும், சோப்பு செய்பவனின் நேர்மையான தொழிலும், இரண்டுக்கும் இடையே நிற்கும் அரசின் பொறுப்பும் அந்த எண்களில் அடங்கியிருக்கின்றன. துறைமுகத்தில் இட்ட பெயர் கிடங்கு, ஆலை, கடை ஆகிய ஒவ்வொரு படியிலும் சரக்கோடு கூடவே நடந்து வரவேண்டும். எள்ளின் நெய்யை எண்ணெய் என்று அழைத்த நம் முன்னோர் பிறப்பைப் பெயரிலேயே வைத்தார்கள். வாணிபம் உலகளாவியதாகிவிட்ட இக்காலத்தில் நமக்கு அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.