டிராயிங் பீரியடும் ஒரு குடமும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீ இன்ஜினீயர், ஓவிய ஆசிரியர் பயிற்சியைப் பற்றி உனக்கென்னப்பா பேச்சு?" என்று கேட்பீங்க. காரணம் இருக்கிறது. பிளானைக் கையில் கொடுத்தால், சுவர் எழும்பும் முன்பே கட்டடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பலர் கணக்கில் புலிகள். ஆனால், ஒரு பொருளை மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று வரையச் சொன்னால் பென்சில் நகராது. டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுத்த பலன் இது!

நம்மில் சில தம்பி தங்கைகளுக்கு ஓவியத்தில் ஆசை உண்டு. டிராயிங் மாஸ்டர் ஆக இரண்டு வழி. ஒன்று, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் முடித்து, கோடையில் 42 நாள் நடத்தப்பட்டு வரும் தொழில் ஆசிரியர் சான்றிதழ் பயிற்சி. மற்றொன்று, கவின்கலைக் கல்லூரிப் பட்டம். சென்னைக் கல்லூரிக்கு விதை போட்டவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர், 1850-இல். கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி உண்டு.

இனிப்பாக மட்டும் பேசக்கூடாது. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு அரசு எடுத்த 16,549 பேரும் பகுதிநேர ஆசிரியர்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். 2017-இல் சிறப்பாசிரியர் தேர்வு அறிவிப்பு வந்தபோது, ஓவியம், இசை, தையல், உடற்கல்வி நான்குக்கும் சேர்த்து மாநிலம் முழுவதற்கும் 1,325 இடங்கள்தான். ஆகவே கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். கைவசம் இன்னொரு வருமானமும் இருக்கட்டும்.

சான்றிதழ் கைக்குக் கிடைக்கும். கண்ணுக்கு? சின்னப் பிள்ளையிடம் குடத்தை வரையச் சொல்லுங்கள். வாயை முழு வட்டமாகப் போடும், அடியை நேர்கோடாகப் போடும். தப்பு என்று அடித்துவிடாதீங்க. அது தனக்குத் தெரிந்ததை வரைகிறது, பார்த்ததை இல்லை. குடத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிக் காட்டுங்கள்: வாய் கோடாகிவிடும். மெல்ல இறக்குங்கள்: நீள்வட்டமாக விரியும். தரையில் வைத்து நேர்மேலே நின்று பார்த்தால் வட்டம். பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நாங்கள் இன்ஜினீயரிங்கில் படிக்கிற 'டாப் வியூ', 'ஃபிரண்ட் வியூ' இரண்டும் இந்தக் குடத்துக்குள் அடக்கம்.

இப்படிப் பார்த்துப் பழகத் தென்காசிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். பொன், வெள்ளி, தாமிரம், ரத்தினம் என்ற சபைகளோடு ஐந்தாவதாக நம் குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. அங்கே நடராஜர் கல்லுமில்லை, செம்புமில்லை, ஓவியம்! சீசனுக்கு அருவியில் குளித்துவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று திரும்புகிற நாம் எத்தனை பேர் அதற்குள் போயிருக்கிறோம்? ஆசிரியராகப் போகிறவர் சீசன் இல்லாத ஒரு நாளில் போய், ஒரே உருவத்தின் முன் அரைமணி நேரம் நில்லுங்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது என்று பாருங்கள். அடுத்தமுறை ஒரு பிள்ளையை அழைத்துப் போய், "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தப் பொறுமைதான் வாத்தியார் வேலையில் பாதி.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் டிராயிங் பீரியட் நிஜமாக நடக்கிறதா என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அந்த பீரியட் இருக்கும். பீரியட் இருந்தால்தான் இந்தத் தம்பி தங்கைகளுக்கு வேலை இருக்கும்.