மறைக்க வேண்டாத நோய்



உடம்பை ஆலயமாகப் போற்றுதல் நம் சமய மரபு. ஆயினும் அவ்வாலயத்தில் ஒரு சிறு பழுது தோன்றினால், அதை வாய்விட்டுச் சொல்ல நாம் கூசுகிறோம். வளர்ந்தவர் தலையில் வரும் படர்தாமரை அப்படி மறைக்கப்படும் ஒரு நோயாகும். முக்காட்டினால் தலையை மூடிக்கொண்டு, கோயில் வீதியிலும் ஒதுங்கி நிற்கும் முதிய தாய்மாரை நாம் காணாமலில்லை.

இந்நோய் கண்ணூறுமன்று, பாவத்தின் பலனுமன்று. பங்கசு என்னும் நுண்ணுயிரே இதற்குக் காரணம். 1840 களிலேயே பாரிசு நகரில் டேவிட் குரூபி என்னும் வைத்தியர் நுணுக்குக்காட்டியால் இதனைக் கண்டு எழுதிவைத்தார்.

இது பெரும்பாலும் சிறுவரைப் பற்றுவது. பருவமடைந்தபின் தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை பங்கசை ஓரளவு தடுக்கிறது. ஆனால், மாதவிடாய் நின்ற பெண்களையும், நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையும், ஸ்டீரொயிட் மருந்தை நெடுநாள் உண்பவர்களையும் இது பற்றக்கூடும்.

தோல் செதிள் செதிளாக உரிதல், மயிர் முறிந்து கரும்புள்ளிகள்போல் நிற்றல், திட்டுத்திட்டாக வழுக்கை விழுதல், அரிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியன இதன் குறிகள். பொடுகென்று எண்ணி நாம் வாளாவிருந்தால், சிலருக்குச் சீழ்வைத்து வீங்கும். தழும்பு விழுந்த இடத்தில் மயிர் மீண்டும் முளையாது. மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் களிம்போ அரிப்பைத் தணித்து நோயின் உருவை மறைத்துவிடும், பங்கசு பரவிக்கொண்டேயிருக்கும்.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? செதிளையும் முறிந்த மயிரையும் எடுத்துச் சோதித்தால் நோய் துலங்கும். பங்கசு மயிரின் வேருக்குள் புகுந்திருப்பதால் மேற்பூச்சு மட்டும் போதாது. மருந்தை வாயால் உண்ணவேண்டும். கிரைசியோபல்வின் என்னும் மாத்திரை 1958 ஆம் ஆண்டளவில் பயனுக்கு வந்தது. பின்னர் டேர்பினபின் முதலியனவும் வந்தன. பொதுவாக 4 முதல் 8 கிழமைகள், சிலவேளை அதற்கு மேலும், இவற்றை உண்ணவேண்டியிருக்கும். இவை ஈரலைத் தாக்கவுங்கூடும். ஆதலால் வைத்தியர் சொற்படியே உண்ணுக. அரிப்பு நின்றதென்று இடையில் நிறுத்தற்க.

சீப்பு, துவாய், தொப்பி, தலையணை உறை ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக்கொள்வோம். சலூனில் மயிர் வெட்டும் கருவிகளைத் துப்புரவாக்கித் தரும்படி கேட்போம். வீட்டுப் பிள்ளைகளின் தலைகளையும் பார்ப்போம். பூனை, நாய்களின் உடலில் மயிருதிர்ந்த திட்டு உண்டோவென்றும் கவனிப்போம்.

வாலிபர்களே, உங்கள் வீட்டுப் பாட்டி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டால், "ஏன் அம்மாச்சி?" என்று அன்போடு கேளுங்கள், கைபிடித்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவும் நம் சங்கம் போற்றும் தொண்டேயாகும்.