கடிகாரத்தோடு ஒரு போட்டி

(கரையான்சாவடியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)



பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. பக்கத்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியதிலிருந்து சைக்கிள் நமக்கு உள்ளூர்ச் சரக்கு. ஆனால், சாலைப் பந்தயமே வாழ்க்கை என்று இருந்த ஓர் இந்தியரின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் பலருக்கும் திணறல்தான்.

பெங்களூருவின் நவீன் ஜான் அப்படிப்பட்டவர். பள்ளி வயதிலேயே பந்தயத்துக்கு வந்தவர் அல்லர். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும்போதுதான் தொடங்கினார். இந்தியா திரும்பி, டைம் டிரயலில் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றார். 2017-இல் ஓர் ஆஸ்திரேலிய அணிக்காக ஓட்டினார்.

டைம் டிரயல் என்பது தனியாள் ஓட்டம். சாதாரணச் சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குச் சிரமம் கணிசமாகக் குறையும். (இயற்பியல் ஆசிரியர்கள் காற்றுத்தடையை இங்கேயே நடத்திவிடலாம்.) டைம் டிரயலில் அந்த வசதி இல்லை. இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். மறைந்துகொள்ள எவர் முதுகும் கிடையாது. நாமும் கடிகாரமும்தான்.

2016-இல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் நவீன் ஜானும் அரவிந்த் பன்வாரும் இந்தியாவுக்காக இறங்கினார்கள். 40 கிலோமீட்டர். வென்றவர் ஜெர்மனியின் டோனி மார்ட்டின். அது அவருக்கு நான்காவது உலகப் பட்டம். நம்மவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள். "எத்தனையாவது இடம்?" என்று மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். போன முறையைவிட எத்தனை விநாடி குறைந்தது என்பதுதான் அந்த ஓட்டக்காரரின் கணக்கு.

நம் விளையாட்டு விழாக்களில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை. முதல் மூவருக்குச் சான்றிதழ். கொஞ்சம் பருமனான பிள்ளையை ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்போடு அந்தப் பிள்ளை மைதானத்தை மறந்துவிடுகிறது.

ஆவடி சாலையில் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளைப் பந்தயம் விடச் சொல்லவில்லை. பள்ளி மைதானம் போதும். ஆறு சுற்று, ஒரு நேரத்தில் ஒருவர். அவரவர் நேரத்தை அவரவர் நோட்டில் எழுதட்டும். சுவரில் பட்டியல் ஒட்ட வேண்டாம். அடுத்த மாதம் மறுபடி ஆறு சுற்று.

எங்கள் பள்ளியில் வரும் சனிக்கிழமை தொடங்குகிறோம். சீட், பிரேக் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு ஸ்பேனரோடு வந்தால் உதவியாக இருக்கும்.