ஆசிரியர்களும் படிக்கட்டும்

(செப்டம்பர் 5 அன்று நம் சங்கம் நடத்திய ஆசிரியர் தின நிகழ்ச்சியில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் வேலை பார்க்கும் ஆசிரியைகள் பலர் இருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தால், பொழுதுபோக்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பல நாள் அது பயிற்சியாக இருக்கும்.

நான் பணியில் இருந்த காலத்தில் பயிற்சிக்கு வட்டார வள மையத்துக்குப் போவோம். மாநில அளவில் கற்றவர் மாவட்டத்துக்குச் சொல்வார். மாவட்டத்தில் கேட்டவர் வட்டாரத்துக்குச் சொல்வார். எங்களிடம் வரும்போது அது மூன்றாம் டிகாஷன் காபிதான்.

2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசின் தீக்ஷா தளம் தொடங்கப்பட்டது. 2020 அக்டோபரில், பள்ளிகள் மூடிக் கிடந்த நேரத்தில், நிஷ்டா பயிற்சி 18 பகுதிகளாக அதில் இணையவழிக்கு வந்தது. நகரத்து ஆசிரியருக்கும் மலைக்கிராமத்து ஆசிரியருக்கும் ஒரே பாடம் நேராகக் கிடைத்தது. இது பெரிய லாபம்.

ஆனால் வீடியோ பார்த்து, கேள்விக்கு விடை தட்டி, சான்றிதழ் வாங்குவதோடு நின்றுவிட்டால் போதாது. ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டால், பல பிள்ளைகள் நான்கில் ஒன்று என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா! ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர் இதை யாரிடம் கேட்பார்? பத்துப் பள்ளிகளின் நாலாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒரு குழுவில் இருந்தால் அங்கே கேட்கலாம். ஒருவர், "ஒரே நீளக் காகிதப் பட்டைகளை மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்" என்பார். இன்னொருவர், "ஏன் அப்படிச் சொன்னாய் என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்" என்பார். மறுநாள் செய்து பார்த்தவர், "மூன்றாக மடிக்கப் பிள்ளைகள் திணறுகிறார்கள், 12 சென்டிமீட்டர் பட்டையில் கோடு போட்டுக் கொடுத்தால் எளிது" என்று திரும்பி வந்து எழுதுவார். அந்தக் கடைசி வரிதான் உண்மையான பயிற்சி. அது மற்ற ஒன்பது வகுப்பறைக்கும் போய்ச் சேரும்.

இதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். குழு சிறியதாக, ஒரே வகுப்பு, ஒரே பாடம் என்று இருக்க வேண்டும். செய்து பார்த்ததைத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயரோ முகமோ அதில் வரக் கூடாது. சுற்றறிக்கையும் குட்மார்னிங் படங்களும் வேறு குழுவில் இருக்கட்டும்.

சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் எவ்வளவு நேரம் சமையல் முடிந்த பிறகு, சொந்த டேட்டாவில் நடக்கிறது என்பது அவரவர் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

அதனால் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், நம் பொது அரங்கையும் வைஃபையையும் இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தாருங்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமில்லாமல் சேர்ந்து உட்காருவோம். அடுத்த செயற்குழுவில் இதை வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோருக்கும் ஒன்று: நாளைய வீட்டுப்பாடம் என்ன என்று இரவு ஒன்பது மணிக்கு டீச்சருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். அது அவர்கள் படிக்கும் நேரம்.