கைக்கு எட்டும் பொத்தான்



சென்ற மாதம் எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மா, கைத்தொலைபேசியை ஏந்திக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் பேசி அனுப்பிய குரல்பதிவை இன்னொரு முறை கேட்க நினைத்திருக்கிறார். விரல் குப்பைத்தொட்டிக் குறியில் பட்டுவிட்டது. திரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. இவர் 'சரி' என்பதைத் தொட்டார். பதிவு அழிந்தது. "நான் படிக்காதவ, வாத்தியாரே. என் கைதான் சரியில்ல" என்றார். அந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை.

குற்றம் கையிலா, பொத்தான் வைத்த இடத்திலா?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு வயிறு தரையில் படப் படுத்துவிட்டன. விமானிகள் இறக்கை மடலை மடக்குவதாக எண்ணிச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அவர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்தாம். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியல் அறிஞர் விமானி அறையை ஆராய்ந்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. அவர் செய்த வைத்தியம் எளியது. சக்கர விசையின் முனையில் சிறிய ரப்பர் சக்கரம்; மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவம். பாராமலே விரல் அறிந்துகொண்டது. (அது நம் தோட்டத்து ரப்பர் என்று பெருமைப்பட முடியாது. 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் பிடியில் அல்லவா இருந்தது!)

1954இல் பிட்ஸ் என்ற அறிஞர், உலோகத் தகடுகளை மாறி மாறித் தட்டச் செய்து நேரத்தை அளந்தார். தகடு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவில் சேரும். சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் தாமதமாகும். நம் பெண்களுக்கு இது புதிதன்று. அடுப்படியில் உப்பு ஜாடி கையருகில் இருக்கும். எலி மருந்து அதன் பக்கத்தில் இருக்காது.

மென்பொருள் செய்கிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அடிக்கடி வேண்டுவது அருகில் இருக்கட்டும். அழிப்பது தள்ளி, வேறு உருவில் இருக்க வேண்டும்.

பல கைத்தொலைபேசிகளில் திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் விளக்கு, இணையம் முதலியவை ஒரே இடத்தில் வரும். விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்கள் விளக்கை முதல் வரிசைக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். திரை பூட்டியிருந்தாலும் 'அவசர அழைப்பு' உண்டு. கடவு எண் தெரியாதவரும் அதன் வழியே 999ஐ அழைக்கலாம். அது எங்கே இருக்கிறதென்று வீட்டுப் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் இன்றிரவே காட்டுங்கள். காட்டும்போது அழைத்துவிடாதீர்கள்!

அந்த அம்மாவின் குரல்பதிவு திரும்பவில்லை. மகனின் படத்தை முகப்புத் திரையில், பெருவிரல் படும் இடத்தில் வைத்துக் கொடுத்தேன். தொட்டால் அழைப்புப் போகும். மறுநாள் காலை ஐந்து மணிக்கே தொட்டுவிட்டாராம். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று மகன் பதறியிருக்கிறான்.

"ஒண்ணுமில்லடா, பொத்தான் வேல செய்யுதான்னு பார்த்தேன்."